துக்க வீட்டில் விசுவாசம்: பெங்களூரில் புதிதாகக் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் கணையப் புற்றுநோயில் இறந்தார். எங்களுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு, ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன். பெங்களூருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தும், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யாருடைய கதவைத் தட்டுவது என்று எங்களுக்குத் தெரியாது.

அடக்கம் முடியும்வரை என் விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், பாடினார்கள், பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். ஆட்டம் கண்டது அதற்கு ஏழெட்டு வாரம் கழித்து. காகிதக் கட்டோடு நாலு அலுவலகம் ஏறி இறங்கி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பைபிளை எடுக்கக் கை வராமல் உட்கார்ந்திருந்த நாட்களில். அலைச்சல் குறைந்திருந்தால் அந்த வறட்சியில் பாதி வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் இதில் காகிதமும் ஜெபமும் கலந்தே வரும்.

1. வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கும்போதே: சபை மாறுதல்

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் இன்னும் துக்கம் எதுவும் நடக்கவில்லை என்றால், இந்த ஒரு வேலையை இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

பெங்களூரில் கிறிஸ்தவக் கல்லறைகளில் இடம் குறைவு. ஓசூர் ரோடு கல்லறையானாலும் கல்பள்ளியானாலும், நீங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்ற கேள்வி வரும். போதகரின் கடிதம் வேண்டும். நாங்கள் ஆறு வருஷமாக ஒரே ஆலயத்துக்குத்தான் போனோம். திருவிருந்து எடுத்தோம், அறுப்பின் பண்டிகைக்குப் பலகாரம் செய்து கொடுத்தோம். ஆனால் எங்கள் பெயர் ஊர்ச் சபைப் பதிவேட்டில்தான் இருந்தது. சாவு நடந்த ராத்திரி பதினொரு மணிக்குக் கமிட்டியில் ஒருவர் போனில் கேட்ட முதல் கேள்வி, "சந்தா கட்டியிருக்கீங்களா?" அவர் கெட்டவர் இல்லை, விதி அப்படி. ஆனால் அந்தக் கேள்வி என் காதில் இன்னும் இருக்கிறது. கடைசியில் ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) தன் பொறுப்பில் கடிதம் கொடுத்தார்.

தேவையானவை: ஊர்ச் சபையிலிருந்து மாறுதல் கடிதம், வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, திருமணச் சான்றின் நகல், இப்போதைய முகவரிக்கு ஓர் அத்தாட்சி. ஊரில் சேகரம் என்போமே, அதற்கு இங்கே பாஸ்டரேட் என்று பெயர். கமிட்டி கூடும் நாளைக் கேட்டு அதற்கு முன்னால் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். கத்தோலிக்கர்கள் பங்கு அலுவலகத்தில் குடும்பத்தைப் பதிந்து அட்டை வாங்கிவிடுங்கள். சுயாதீன சபைக்குப் போகிறவர்கள், "நம்ம சபைக்குக் கல்லறை எங்கே?" என்று பாஸ்டரிடம் நேராகவே கேளுங்கள். பல சபைகளுக்குச் சொந்த இடம் கிடையாது. கேட்கச் சங்கடமாக இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்பதைவிடப் பரவாயில்லை.

2. முதல் சில மணி நேரம்: ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்

அழுகிறவர் கையில் போன் இருக்கக் கூடாது. நிதானமான ஒருவரிடம் போனையும் கொஞ்சம் பணத்தையும் ஆதார் அட்டைகளையும் கொடுத்துவிடுங்கள். எனக்கு என் கொழுந்தனார் அப்படி நின்றார்.

ஆஸ்பத்திரியில் நடந்த சாவு என்றால், மரணக் காரணத்தைக் குறிக்கும் மருத்துவச் சான்று படிவம் 4-இல் வரும். வீட்டில் நடந்தால் 4ஏ. கடைசியாகப் பார்த்த டாக்டர் கொடுக்க வேண்டும். நோய் முற்றியவரை வீட்டுக்குக் கூட்டி வருகிறீர்கள் என்றால், இதற்கு யார் கையெழுத்துப் போடுவார் என்று அன்றைக்கே பேசி வையுங்கள். விபத்து என்றால் போலீஸ், பிரேதப் பரிசோதனை என்று நேரம் இழுக்கும். அடக்க நேரத்தை அதற்கு முன் யாருக்கும் அறிவிக்காதீர்கள்.

பெரிய பொறி, பெயர். நம்முடைய இனிஷியல் இங்கே பலருக்குப் புரிவதில்லை. ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும், ஆஸ்பத்திரியில் வெறும் எழுத்தாகவும் இருந்தால், அந்த வித்தியாசம் அப்படியே இறப்புச் சான்றிதழில் ஏறும். அப்புறம் வங்கி, பி.எஃப்., காப்பீடு எல்லா இடத்திலும் அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஆதாரைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். கன்னடத்தில் எழுதியிருந்தால், கன்னடம் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோவதா, இங்கேயே அடக்கமா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். திருநெல்வேலி சுமார் 600 கிலோமீட்டர். குளிர்பெட்டி உள்ள வண்டி, ஒரு ராத்திரிப் பயணம். ஊரில் அடக்கம் செய்தாலும் இறப்பைப் பதிவது சாவு நடந்த இடத்தில்தான். இது தெரியாமல் ஊரில் போய்ப் பதிவுக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் இங்கேயே வைத்தோம். மாமியாருக்கு அதில் இன்றுவரை வருத்தம். ஆனால் பையன் நினைத்தபோது பஸ் ஏறிப் போய்விட்டு வருகிறான்; எனக்கு அது போதும்.

3. அடக்க ஆராதனையும் செலவும்

எங்களுக்கு ஆனது: குளிர்பெட்டி ஒன்றரை நாளுக்கு 5,000, சவப்பெட்டி 14,000, வண்டி 4,500, குழிக்கும் கல்லறைக் கட்டணத்துக்கும் 17,000, பந்தல், நாற்காலி, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று மீதி. மொத்தம் 60,000-ஐத் தாண்டியது. உங்களுக்குக் கூடலாம், குறையலாம். குடும்பத்துக்கு ஏற்கெனவே கல்லறை இருந்தால் அதே குழியைத் திறக்க வாய்ப்புண்டு. எத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்பதைக் கல்லறை அலுவலகத்தில் சொல்வார்கள். பழைய ரசீது முக்கியம். சவப்பெட்டிக் கடையில் விலை உயர்ந்ததைத்தான் முதலில் காட்டுவார்கள். அந்த நேரத்தில் பேரம் பேச நமக்கு வாய் வராது. கூட ஒருவர் போகட்டும்.

ஆராதனையில் இரண்டு விஷயத்தை மட்டும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பாட்டு. இறந்தவர் வீட்டில் முணுமுணுத்த பாமாலையோ கீர்த்தனையோ எது என்று ஐயரிடம் சொல்லுங்கள். இரண்டு, பேசுகிறவர்கள் எண்ணிக்கை. மைக் கிடைத்தால் நம் ஆட்கள் இறந்தவரை விட்டுவிட்டு மனந்திரும்புதலுக்குப் போய்விடுவார்கள். இரண்டு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று முன்பே சொல்லிவிட்டோம். மூன்றாவதாக ஒருவர் எழுந்தார். ஐயர் பாட்டு எண்ணை அறிவித்துவிட்டார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

4. இறப்புச் சான்றிதழ்: 21 நாள்

சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரிச் சாவை ஆஸ்பத்திரியே தெரிவிக்கும். வீட்டுச் சாவைக் குடும்பத்தார்தான் தெரிவிக்க வேண்டும். 21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்கு மேல் ஒரு வருஷம்வரை எழுத்துமூலம் அனுமதியும், நீங்களே கையெழுத்திட்டு உறுதி செய்த ஆவணமும். ஒரு வருஷம் போய்விட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு. பதிவு விவரம் கர்நாடகாவின் இ-ஜன்மா தளத்தில் ஏறும். முன்பு பிபிஎம்பி என்று ஒரே மாநகராட்சிதான் இருந்தது. 2025 செப்டம்பரில் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது. எந்த அலுவலகம் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

அடுத்தது, உயிரோடிருக்கும் குடும்ப உறுப்பினர்களைக் காட்டும் சான்று. நாடகச்சேரி என்கிற வருவாய்த் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வம்சவிருட்சம் என்ற குடும்ப மரமும் சில இடங்களில் கேட்பார்கள். இறப்புச் சான்றிதழ், எல்லோருடைய ஆதார், முகவரிச் சான்று எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, வெளியே பட்டியல் ஒட்டி வையுங்கள். துக்கத்தில் ஞாபகம் சல்லடை மாதிரி ஆகிவிடும். நான் ஒரே சான்றைத் தேடி மூன்று தடவை அலமாரியைக் கலைத்தேன். கடைசியில் அது என் வேதப்புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. அதைத் திறக்காமல் எத்தனை நாள் இருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

5. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள்

இதைப் பற்றி யாரும் முன்னெச்சரிக்கை தருவதில்லை.

"கர்த்தருக்கு அவர் தேவைப்பட்டார்." "எல்லாம் நன்மைக்குத்தாம்மா." "விசுவாசி அழக்கூடாது." "நீ இன்னும் கொஞ்சம் உபவாசம் இருந்திருக்கலாம்." கடைசி வாக்கியத்தைச் சொன்னவர் என்னை நிஜமாகவே நேசிக்கிறவர். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

நான் கற்றுக்கொண்டது, அந்த இடத்தில் வாதம் பண்ணக் கூடாது. அதற்குத் தெம்பும் இருக்காது. "அத்தை, அதை அப்புறம் பேசலாம். இப்ப கொஞ்சம் பக்கத்தில உட்காருங்க" என்பேன். பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் வசனத்தை எடுத்திருந்தார்கள்.

அதே சமயம், அவர்கள் சொல்வது வேதமா என்று உங்கள் மனசுக்குள் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது, நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்று. துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு கல்லறைப் பக்கம் அழுதார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை. கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது அவர்களிடம். கத்திக் கத்தி நியாயம் கேட்ட யோபுவிடம் இல்லை. இந்த ஒன்று எனக்கு ஒரு மாதம் சோறு போட்டது.

இன்னொரு பொறி, அற்புதம் சொன்னவர்கள். அவர் படுக்கையில் இருந்தபோது ஒரு ஜெபக்குழு, "நவம்பரில் நீங்கள் சாட்சி சொல்வீர்கள்" என்றது. ஆகஸ்டில் அவர் போய்விட்டார். அதன்பின் அந்தக் குழுவிலிருந்து யாரும் வரவில்லை. என் கோபம் முதலில் தேவன் மேல் போனது. அந்த வாக்கைக் கொடுத்தது அவர் இல்லை, அந்த ஆட்கள் என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. நீங்கள் சீக்கிரமே பிரித்துவிடுங்கள்.

6. ஜெபம் வராத நாட்கள்

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து ஊர் ஆட்கள் பஸ் ஏறின பிறகு இது வரும். கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி விளக்குதான் தெரியும். வார்த்தை வராது. "என் விசுவாசம் அவ்வளவுதானா" என்று தோன்றும். பயப்படாதீர்கள், ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். நான் செய்தது:

சொந்த வார்த்தையில் ஜெபிப்பதை நிறுத்திவிட்டு, எழுதி வைத்திருப்பதை வாசித்தேன். சங்கீதம் 13 ஆறே வசனம்தான். "எதுவரைக்கும்" என்று அதில் நான்கு தடவை கேட்கிறது. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். காலையில் பால் காய்வதற்குள் வாசிக்கலாம். அதன் முடிவில் வரும் நம்பிக்கை கூட அதிகம் என்றால் சங்கீதம் 88-ஐப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் ஒரு துதிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பும். இது திரும்பாது, தனிமையிலேயே முடிகிறது. அப்படி ஒன்றையும் சபை தன் புத்தகத்தில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆறுதல்.

நேரத்தைக் குறையுங்கள், நாளைத் தவறவிடாதீர்கள். அரைமணி நேரக் குடும்ப ஜெபத்தை நாங்கள் ஐந்து நிமிஷமாக்கினோம். பையன் வாசிப்பான், நான் கேட்பேன். சில நாள் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்போம்.

பரமண்டல ஜெபத்தில் எனக்கு ஒரு வரி சிக்கிக்கொண்டது. "உம்முடைய சித்தம்" என்ற இடம் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். ஐயரிடம் வெட்கத்தோடு சொன்னேன். "நீங்க அந்த இடத்தில சும்மா நில்லுங்க, சபை சொல்லும்" என்றார். அப்படியே செய்தேன். மூன்று மாதத்துக்கு மேல் ஞாயிறு ஞாயிறாக அந்த வரியில் நான் வாயைத் திறக்கவில்லை; முன் வரிசைப் பாட்டியும், பின்னால் நின்ற கல்லூரிப் பையன்களும் எனக்கும் சேர்த்துச் சொன்னார்கள். எந்த வாரம் நானும் சேர்ந்துகொண்டேன் என்று நினைவில்லை.

7. திரும்பக் கோயிலுக்கு

முதல் ஞாயிறு மிகக் கஷ்டம், போகும் முன் திட்டம் போடுங்கள். பழைய இருக்கையில் உட்கார வேண்டாம். பக்கத்து வெற்றிடம் பேசும். கதவு ஓரமாக உட்காருங்கள், தாங்காவிட்டால் எழுந்து வெளியே போகலாம். ஆராதனை முடிந்ததும் வாசலில் கூட்டம் சுற்றிக்கொள்ளும். அது வேண்டாமென்றால் கடைசிப் பாட்டிலேயே கிளம்பலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். எடுத்தால் எடுக்கட்டும்.

வேறு ஆலயத்துக்கு மாறலாமா என்று தோன்றும். முதல் ஆறு மாதம் மாறாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். புது இடத்தில் உங்களைத் துக்கத்தில் இருக்கிறவர் என்று யாருக்கும் தெரியாது. முதலில் சுகமாக இருக்கும், அப்புறம் தனியாகிவிடுவீர்கள். உங்களைக் காயப்படுத்தியவர்களே அங்கே இருந்தால் அது வேறு கதை.

கிறிஸ்துமஸ் கேரல் குழு வரும். வீட்டுக்கு வர வேண்டாம் என்றால் டிசம்பர் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் ட்ரம் சத்தம் கேட்ட பிறகு சொல்ல முடியாது.

8. பணம் வந்ததும்

பி.எஃப். உறுப்பினராக இருந்தவர் வேலையில் இருக்கும்போது இறந்தால், குடும்பத்துக்கு இ.டி.எல்.ஐ. என்கிற, பி.எஃப்.-ஓடு சேர்ந்த ஆயுள் காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம்வரை உண்டு. மனைவிக்கு ஓய்வூதியமும் உண்டு. நிறைய பேர் பி.எஃப். தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். கம்பெனியின் மனிதவளத் துறையிடம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உயில் இல்லாவிட்டால் நமக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் பேதமில்லை. நாமினி என்று உங்கள் பெயர் இருப்பதால் எல்லாம் உங்களுடையது ஆகிவிடாது. மைனர் பிள்ளையின் பங்கு இருக்கும் சொத்தை விற்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

காணிக்கை விஷயம். காப்பீட்டுப் பணம் வந்த செய்தி எப்படியோ பரவும். "முதற்பலனைக் கொடுத்துவிடு சகோதரி, ஆசீர்வாதம் தங்கும்" என்று போன் வந்தது. ஒரு வருஷத்துக்குப் பெரிய காணிக்கை எதுவும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். சந்தாவும் ஞாயிறு காணிக்கையும் மட்டும். பயத்தில் கொடுக்கிற பணத்தோடு கசப்பும் சேர்ந்தே போகிறது.

9. பிள்ளைகள், டாக்டர்

சின்னப் பிள்ளைகளிடம் "அப்பா தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள்; தூங்கவே பயப்படுவார்கள். இறந்துவிட்டார் என்ற வார்த்தையையே சொல்லுங்கள். என் பையன் ஐந்து மாதம் ஞாயிறு பள்ளிக்குப் போகவில்லை. வற்புறுத்தவில்லை. ஆசிரியை மட்டும் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து அவனோடு கேரம் விளையாடிவிட்டுப் போவார். ஆறாவது மாதம் தானாகவே போனான்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் இல்லாவிட்டாலோ, நாமும் போய்விடலாம் என்ற நினைப்பு வந்தாலோ, ஜெபத்தோடு கூடவே டாக்டரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறோம்தானே. 14416 டெலி-மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இதே ஊரில், ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. 6 மாதத்துக்கு மேல் வாழ்க்கையையே முடக்கிப்போடும் துக்கத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் தனியாகவே சேர்த்திருக்கிறது. எனக்கு நாலு தடவை ஆலோசனை தேவைப்பட்டது. சபையில் இருவரிடம்தான் சொன்னேன். இருவருமே, "நானும் போயிருக்கேன்" என்றார்கள்.

10. நவம்பர் 2

முதல் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு வாரம் முன்பே போய்ப் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடிக்க ஆளிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் ஆள் கிடைக்காது, கிடைத்தால் இரட்டைக் கூலி. கல் பதிக்க விரும்பினால் மண் இறங்கச் சில மாதம் விட வேண்டும், எழுத்துகளைக் கல்லில் வெட்டும் முன் தாளில் எழுதி வாங்கிப் பாருங்கள். தமிழ் எழுத்துப் பிழையோடு எத்தனையோ கல் அங்கே நிற்கிறது. பூவை முந்தின நாள் சாயங்காலமே ரசல் மார்க்கெட்டில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். காலையிலேயே போனால் வெயிலும் கூட்டமும் குறைவு, ஆட்டோவும் கிடைக்கும். மழை வரக்கூடிய மாதம், குடை எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகுவத்தி கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். தீப்பெட்டி இரண்டு வேண்டும். அந்தக் காற்றில் ஒன்று பத்தாது.